மாடியில் சூரியன், தெருமுனையில் டிரான்ஸ்பார்மர்

"ஏங்க்கா, மாடியில சோலார் போட்டுட்டா அப்புறம் கரண்ட் கட்டே கிடையாதாமே, நிஜமா?"

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பலகைகளை ஏற்றிய நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. பால் வாங்கப் போனாலும் கேட்கிறார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் பிரகாரம் சுற்றும்போதும் கேட்கிறார்கள். அதிலும் இளம் தாய்மார்கள்தான் அதிகம். கைக்குழந்தை உள்ள வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறி நின்றால் என்ன பாடு என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

இதற்குப் பதில், "இல்லை" என்பதுதான். இப்போது மானியத்தோடு வீடுகளில் போடும் சாதாரண சோலார், தெருவில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். தெருவில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் கொளுத்தினாலும்! இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "அப்போ எதுக்கு அவ்வளவு பணம் போடணும்?" என்கிறார்கள்.

பணம் வீண் இல்லை, சகோதரிகளே. ஆனால் சோலார் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். மாடி நம்முடையது, கம்பியோ தெருவுக்கே பொதுவானது. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு புரிந்துவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. நான் எஞ்சினியர் இல்லை, பள்ளிப் படிப்போடு நின்றவள். பலகை போட வந்தவர்களையும் லைன்மேனையும் துளைத்தெடுத்துக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் வீட்டு பாஷையில் சொல்கிறேன்.

பலகை முதல் சுவிட்ச் வரை

வெயில் பட்டதும் பலகையில் மின்சாரம் உண்டாகிறது. அது டார்ச் லைட் பேட்டரியில் வருவது போன்ற நேர் மின்சாரம். நம் மிக்ஸியும் ஃபேனும் ஓடுவது மாறு மின்சாரத்தில். இதை அதுவாக மாற்றித் தருவதுதான் சோலார் இன்வெர்ட்டர். அங்கிருந்து வரும் மின்சாரத்தை முதலில் நம் வீடு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருந்தால் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் நம் மாடி மின்சாரம் அங்கே போகும். மாலையில் வெயில் சாய்ந்ததும் நாம் கம்பியிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். கொடுத்தது எத்தனை, வாங்கியது எத்தனை என்று இரண்டையும் குறிக்கும் இருவழி மீட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்துத்தான் கரண்ட் பில் வரும். அரிசி கைமாற்று கொடுத்து வாங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 2012-ல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்குள் இரண்டு மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் போனது. அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வீடு பேட்டரியோடு 'இன்வெர்ட்டர்' வந்து உட்கார்ந்தது. அதனால் 'சோலார் இன்வெர்ட்டர்' என்றதும் அதே மாதிரி கரண்ட் போனால் கைகொடுக்கும் பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. சாதாரண சோலார் இன்வெர்ட்டரில் பேட்டரி கிடையாது. சேர்த்து வைக்க அதனால் முடியாது.

வெயில் இருந்தும் ஏன் நிற்கிறது?

கரண்ட் போனதும் லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிவிட்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தால் அந்த மனிதரின் கதி என்ன? அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் அல்லவா? அதனால்தான் தெருவில் மின்சாரம் நின்ற மறு விநாடியே சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இது கோளாறு இல்லை, ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் கண்ணால் பார்த்தேன். மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த சமயம். சென்னையிலும் புறநகர்களிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் இளம் தாய். வீட்டில் மூச்சிரைப்பு உள்ள குழந்தை. அப்போதே மாடியில் சோலார் போட்டிருந்தார்கள். "இனிமே எதுக்குங்க பழைய பேட்டரி?" என்று பலகை போட்ட ஆள் சொன்னதைக் கேட்டு, இருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் விற்றுவிட்டிருந்தார்கள். மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. மேலே பலகைகள் பளபளவென்று மின்னின. கீழே குழந்தைக்கு மருந்துப் புகை கொடுக்கும் நெபுலைசர் ஓடவில்லை. முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் வைத்திருந்த தெரிந்தவர் வீட்டுக்கு ஓடினார்கள். நல்ல வேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் முதல் விஷயமாக இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சோலார் போட்டாலும் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் விற்காதீர்கள்!

புயல் வேண்டாம், சாதாரண நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பணிக்காக இன்னின்ன பகுதிகளில் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று பேப்பரில் வருகிறதே, அந்த நேரம்தான் சூரியன் நமக்கு அள்ளிக் கொடுக்கும் நேரம். அன்றைக்கு விளைய வேண்டிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மாதக் கணக்குப் போடும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைமடை வீடுகள்

எங்கள் ஊர் ஏரி பெரிய ஏரி. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று தெரியும். மதகுக்குப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் தாராளமாகப் பாயும். வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடும். மின்சாரமும் அப்படித்தான். டிரான்ஸ்பார்மர்தான் மதகு. அதை ஒட்டிய வீட்டில் வோல்ட்டேஜ் சரியாக இருக்கும். தெருக்கோடி வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ட்யூப் லைட் மினுக்கும், ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றும், ஏ.சி. 'உர்' என்று முனகிவிட்டு அணைந்துவிடும்.

திருநின்றவூர், நேமிலிச்சேரி, வேப்பம்பட்டு, பட்டாபிராம் பக்கமெல்லாம் எவ்வளவு வேகமாக மனை போட்டு வீடு கட்டுகிறார்கள் என்று பார்க்கிறீர்கள். 2021-ல் எங்கள் ஊர் நகராட்சியாகவே ஆகிவிட்டது. பத்து வீடு இருந்த தெருவில் ஐம்பது குடும்பம். வீட்டுக்கு ஓர் ஏ.சி., மோட்டார், வாஷிங் மெஷின். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதற்குமான மின் தேவை 20,830 மெகாவாட் என்று அதுவரை இல்லாத அளவைத் தொட்டது. இத்தனை சுமையையும் கடைசியில் தாங்குவது தெருமுனையில் நிற்கும் அந்த இரும்புப் பெட்டிதான். 100 கே.வி.ஏ., 250 கே.வி.ஏ. என்று அதன் கொள்ளளவைப் பலகையில் எழுதியிருப்பார்கள். இரவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒன்றாக ஓடினால் அதற்கு மூச்சு முட்டும்; ஃப்யூஸ் போகும்.

"சோலார் வந்தா இந்தக் கஷ்டம் தீருமா?" என்றால், பகல் சுமை குறையும். ராத்திரி சுமை குறையாது. ஆறரை மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் போய்விடுகிறார். நாம் வீட்டுக்கு வந்து எல்லா சுவிட்சையும் போடுகிறோம்!

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே தெருவில் பல வீடுகளில் சோலார் வந்துவிட்டால் மத்தியானத்தில் வாய்க்கால் தலைகீழாக ஓடும். ஆண்கள் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்ட நேரம்; வீடுகளில் செலவு குறைவு. எல்லா மாடியும் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளும். அப்போது கடைமடை வீட்டில் வோல்ட்டேஜ் குறைவதற்குப் பதில் ஏறிவிடும். வோல்ட்டேஜ் ஏறினால் டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் ஆபத்து என்பதால், அளவைவிட 10 சதவீதம் கூடினால், அதாவது 230 வோல்ட் என்பது 253-ஐத் தாண்டினால், இரண்டு விநாடிக்குள் சோலார் இன்வெர்ட்டர் கம்பியிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. வெயில் காய்ந்துகொண்டிருக்க, பலகை சும்மா நிற்கும். கம்பி பழசாக, மெல்லியதாக, நீளமாக இருந்தால் இந்தத் தொல்லை அதிகம்.

மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டார் இதையும் கவனியுங்கள். ஒரு பேஸ் மட்டும் போய்விடுவது நமக்குப் பழக்கமான விஷயம்தான். சோலார் இன்வெர்ட்டர் ஒற்றை பேஸ் ஆக இருந்து, அது இணைந்திருக்கும் பேஸ் போய்விட்டால், மற்ற இரண்டில் கரண்ட் இருந்தாலும் சோலார் நின்றுவிடும்.

இலங்கையில் நடந்தது

ஒரு தெருவுக்கு வரும் இந்தச் சங்கடம் ஒரு நாட்டுக்கே வந்தால்? இலங்கையில் வந்தது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து கோளாறு உண்டாக்க, தீவு முழுவதும் மின்சாரம் போனது! குரங்கின் மேல் பழி போட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. விடுமுறை நாளில் மின் செலவு குறைவு. மாடிகளிலிருந்து வந்த சோலாரின் பங்கோ அதிகம். அதனால் அந்த ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் சக்தி மின் அமைப்புக்கு இல்லாமல் போயிற்று என்று அங்கே விளக்கம் சொன்னார்கள்.

அது என்ன தாங்கும் சக்தி? கிரைண்டரில் மாவு அரைத்துவிட்டு சுவிட்சை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றுகிறது அல்லவா? அனல், நீர் மின் நிலையங்களில் சுழலும் பெரிய யந்திரங்களும் அப்படித்தான். திடீரென்று ஒரு குறை வந்தாலும் தம் வேகத்தாலேயே சில விநாடிகள் சமாளித்துக் கொடுக்கும். சோலார் பலகையில் சுழல்வதற்கு ஒன்றும் கிடையாது. மேகம் மறைத்தால் உடனே குறையும். கோளாறு என்றால் உடனே விலகும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழ், சிங்களப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் பிற்பகல் 3 மணி வரை மாடி சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. சூரியன் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் நாளும் வரும் என்று யார் நினைத்தார்கள்! வாங்கிக்கொள்ள இடமும், சேர்த்து வைக்கப் பேட்டரியும் இல்லையென்றால் அப்படித்தான். குஜராத்தில் சூரியன் கோயிலுக்குப் பெயர்பெற்ற மொதேரா கிராமத்தை 2022 அக்டோபரில் முழுநேர சோலார் கிராமமாக அறிவித்தார்களே, அங்கே வீட்டு மாடிகளில் பலகை போட்டதோடு நிறுத்தவில்லை. பெரிய பேட்டரி நிலையம் ஒன்றையும் சேர்த்தே அமைத்தார்கள். ராத்திரி விளக்கு எரிவது அதனால்தான்.

சட்டம் நம் பக்கம்

தமிழ்நாடு சோலாருக்குப் புதிது இல்லை. 2012-லேயே 3000 மெகாவாட் இலக்கு வைத்து மாநில அரசு கொள்கை வெளியிட்டது. மத்திய அரசின் 'பி.எம். சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் என்பது அதன் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்று அதில் மானியம் வைத்திருக்கிறார்கள். பலகைகள் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். திட்டத்தில் பதிவு பெற்றவர்தான் போட வேண்டும். மானியம் நம் வங்கிக் கணக்குக்கே வரும்.

அதே 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளிலும் ஒரு நல்ல திருத்தம் வந்தது. 10 கிலோவாட் வரை போடும் வீடுகளுக்கு, 'தெருக் கம்பி தாங்குமா' என்ற தனி ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை, அதற்காக டிரான்ஸ்பார்மரையோ கம்பியையோ பலப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவு மின் விநியோகம் செய்பவருடையது, நம்முடையது அல்ல. யாராவது "டிரான்ஸ்பார்மருக்கு நீங்கதான் பணம் கட்டணும்" என்று பயமுறுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காகிதத்தில் அனுமதி வந்துவிட்டால் கம்பியும் அன்றே தடித்துவிடும் என்று அர்த்தம் இல்லை. அதனால் விண்ணப்பம் போடும் முன்பே ஒரு வாரம் உங்கள் வீட்டு வோல்ட்டேஜைக் காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஸ்டெபிலைசரில் எண் தெரிந்தால் அதுவே போதும். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இரவில் மிகக் குறைவு, பகலில் மிக அதிகம் என்று இருந்தால் அந்தக் குறிப்போடு புகார் கொடுங்கள். 2021-ல் தொடங்கிய மின்னகம் சேவையில் 94987 94987 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே பதிவு செய்துகொள்வார்கள். ஒரு வீடு எழுதுவதைவிடத் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பலன் அதிகம்.

எத்தனை கிலோவாட் வேண்டும்?

திருநின்றவூர், பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கோயில் கட்டிய ஊர். நாமும் பணத்தை எடுக்கும் முன்பு மனசுக்குள் ஒரு முறை முழுக்கக் கட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு வருஷத்துக் கரண்ட் பில்களை, அதாவது ஆறு பில்களை, எடுத்து வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஆகிறது என்றால், 2 கிலோவாட் போட்டாலே 480 போய், 160 யூனிட்தான் மிஞ்சும். முதல் 100 யூனிட்டை 2016 முதல் அரசு இலவசமாகத் தருவது உங்களுக்குத் தெரியும்.

நம் ஊர்க் கட்டண முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல், கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்துவிடும். அதனால் சோலாரால் மிகுந்த லாபம் எங்கே என்றால், அந்த 500-க்கு மேலே நிற்கும் யூனிட்டுகளைக் கழிப்பதில்தான். அதற்கும் மேல் மாடி நிறையப் பலகை போட்டு, "கவர்ன்மென்டுக்கு வித்துச் சம்பாதிக்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி இறங்க வேண்டாம். மிச்சத்துக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும்போது கொடுக்கும் விலையைவிடக் குறைவு. மானியமும் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. அளவாகப் போட்டால் தெருக் கம்பிக்கும் பாரம் இல்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவு செய்யும் சிக்கனமான குடும்பத்துக்கு, என்னைக் கேட்டால், இப்போதைக்கு சோலாரே வேண்டாம்.

ராத்திரிக்கு என்ன வழி?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, சோலார் தனி, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி தனி என்று இரண்டையும் வைத்துக்கொள்வது. இதுதான் செலவு குறைவு. இரண்டாவது, 'ஹைப்ரிட்' இன்வெர்ட்டர். பேட்டரியும் சேர்ந்தது, தெருவில் கரண்ட் இல்லாதபோதும் வெயிலை வாங்கிப் பேட்டரியை நிரப்பி, வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் தரும். விலை கூட. மூன்றாவது, ஒன்றும் இல்லாமல் விசிறியும் மெழுகுவர்த்தியும்!

முதல் வழியில் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். கைக்கு வருவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று வையுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன், நாலு எல்.இ.டி. பல்பு என்றால் எட்டு மணி நேரத்துக்கு 2 யூனிட்டைத் தாண்டும். பாதி ராத்திரியில் பேட்டரி கையை விரித்துவிடும். அதே இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று போட்டால், பல்பையும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்தான். விடியும் வரை தாங்கும்! இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது புத்திசாலித்தனம்.

நெபுலைசருக்கு மின்சாரம் அதிகம் வேண்டாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம்தானே ஓடப் போகிறது! ஆனால் அதைச் செருகும் பிளக் பாயிண்ட், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டுமே அந்த லைனில் இருக்கும். வீட்டில் ஆக்சிஜன் யந்திரம் உபயோகிக்கும் பெரியவர் இருந்தால் பேட்டரியை மட்டும் நம்ப வேண்டாம். டாக்டரிடம் கேட்டு ஒரு சிலிண்டரையும் தயாராக வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், தாய்ப்பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களும், கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன பிறகு ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சோலார் இணைப்பை இன்வெர்ட்டர் லைனோடோ ஜெனரேட்டர் லைனோடோ யாரும் தெரியாத்தனமாகச் சேர்த்துவிடக் கூடாது. அந்த மின்சாரத்தைத் தெருக் கரண்ட் என்று நினைத்து சோலார் ஓட ஆரம்பித்தால் கருவிகள் புகைந்துவிடும். இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வெயில் நேரத்து வேலைகள்

வீட்டு வேலைகளை நேரம் மாற்றிச் செய்தால் நமக்கும் தெருவுக்கும் நல்லது. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் மாவு அரைப்பது, வாஷிங் மெஷின் போடுவது, இஸ்திரி, டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இருவழி மீட்டர் இருப்பதால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மத்தியான மின்சாரம் நம் வீட்டிலேயே செலவாவதால் கம்பியில் வோல்ட்டேஜ் ஏறாது. சோலார் அடிக்கடி நிற்காது. சாயங்காலம் மோட்டாரும் கிரைண்டரும் ஓடாததால் டிரான்ஸ்பார்மருக்கும் சுமை குறையும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது இன்னும் நல்லது.

மாடியும் பலகையும்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். பலகை தெற்குப் பார்த்து, லேசாகச் சாய்ந்து இருக்க வேண்டும். தென்னை மட்டையின் நிழல், தண்ணீர் டேங்கின் நிழல், ஒரு பலகையின் மேல் விழுந்தாலும் அந்த வரிசையே மந்தமாகிவிடும். பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளைக்கு அங்கே இரண்டு மாடி எழும்பினால் நிழல் எங்கே விழும் என்றும் யோசியுங்கள்.

நமக்கு மாடி என்றால் வடாம் போடும் இடம், மிளகாய் காயும் இடம், துணி உலர்த்தும் இடம். இதை முன்பே சொல்லிவிட்டால் தாங்கியை ஆள் உயரத்துக்கு அமைத்துத் தருவார்கள். அடியில் துணி உலர்த்தலாம். வடாத்துக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கும். 2016-ல் வர்தா புயல் என்ன செய்தது என்று நமக்குத் தெரியுமே! தாங்கியின் கால்கள் தளத்தில் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். போல்ட் போட்ட இடத்தில் மழைநீர் இறங்காமல் பூசியிருக்க வேண்டும். எர்த்தும், இடிதாங்கியும் கட்டாயம்.

தூசி படிந்தால் மின்சாரம் குறையும். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் பத்து நாளைக்கு ஒரு முறை துடைப்பது நல்லது. அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ, சுத்தமான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், விரிசல் விடலாம். பலகை மேல் ஏறி நிற்கவும் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் தனியாக விடாதீர்கள். தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் வெயில் பட்ட பலகையின் ஒயரில் மின்சாரம் இருக்கும். சித்திரை வெயிலில் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பலகை சூடேறச் சூடேறக் கொஞ்சம் குறையவே செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டத்தால் இன்னும் குறையும்.

கையெழுத்துப் போடும் முன்

பலகை போட வருபவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தெருவில் கரண்ட் போனால் இது ஓடுமா, ஓடாதா? எழுதித் தருவீர்களா? பலகைக்கு எத்தனை வருஷம், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம்? பலகைக்கு 25 வருஷம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் முதலில் பழுதாவது இன்வெர்ட்டர்தான். அதன் உத்தரவாதத்தைத்தான் கவனிக்க வேண்டும். வோல்ட்டேஜ் ஏறி அடிக்கடி நின்றால் வந்து பார்ப்பீர்களா? இருவழி மீட்டருக்கு யார் அலைவது? மானியத்தைக் கழித்து விலை சொல்கிறீர்களா, கழிக்காமலா?

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? மாமனார் பெயரிலேயே இருந்து, அவர் காலமாகியும் மாற்றாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இல்லாவிட்டால் மானியம் வருவதில் சிக்கல்.

இத்தனையும் பார்த்து, அளவாகப் போட்ட சோலார் கரண்ட் பில்லைப் பாதிக்கு மேல் குறைக்கும். இதில் சந்தேகமே வேண்டாம். ராத்திரிக் காற்றுக்கும் குழந்தையின் மருந்துக்கும் பேட்டரியைத் தயாராக வையுங்கள். டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவை உயர்த்தும்படி தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். சோலார் போடாத வீட்டாரையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு ஃபேனும் அதே கம்பியில்தான் ஓடுகிறது.